பணியாற்றிக்கொண்டே தலைமை பயிலுதல்

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் பயின்று கடல் கடந்து சென்ற தமிழரிற் பலர் இன்று இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களிலும், உடற்குறையுடையோர் வாழும் இல்லங்களிலும், வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பேணும் சேவைகளிலும் பணிபுரிகின்றனர். அவர்களுள் ஆண்டுகள் சில உழைத்து அனுபவம் பெற்றவர்க்குத் தலைமைப் பதவியை நாடும் எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வெண்ணம் எழுந்தவுடன் ஓர் ஐயமும் உடன் எழுகின்றது. முழுநேர உத்தியோகமும் குடும்பப் பொறுப்பும் உள்ள ஒருவர் பகுதிநேரமாகப் பயிலும் படிப்பு உண்மையான கல்வியாகுமா? அன்றி, பதவிக்கு வேண்டிய தராதரப் பத்திரத்தை எவ்வாறாயினும் பெற்றுக்கொள்ளும் ஒரு குறுக்கு வழிதானா? இவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழைத்துக்கொண்டே படித்தல் நமக்குப் புதியதன்று. 1858ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலை, தன் கல்லூரிகளுக்கு வந்து பயிலாதோரும் தன் பட்டப் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என வழி திறந்துவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்படுமுன்னர், பகலிற் பாடசாலையிற் படிப்பித்தும் கந்தோரிற் கணக்கெழுதியும், இரவில் விளக்கொளியில் இலண்டன் பரீட்சைக்குப் படித்தும் பட்டம் பெற்ற பெரியோர் நம்மிடையே பலர் இருந்தனர். இங்கிலாந்திலேயோ இம்மரபு இன்னும் பழையது. தொழிலாளர்க்கு மாலைநேர வகுப்பு நடத்தும் பொருட்டு ஜோர்ஜ் பேர்க்பெக் என்னும் வைத்தியரும் அவருடன் நின்றோரும் 1823இல் இலண்டனில் ஒரு நிலையத்தைத் தொடங்கினர். அதுவே இன்று பேர்க்பெக் என்னும் பெயருடன் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாய் விளங்குகின்றது. வீட்டிலிருந்தே பயில்வோர்க்கெனத் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் அரச பட்டயம் பெற்றது. ஆதலின் பகுதிநேரக் கல்வி என்பதனாலேயே ஒரு கல்வி தாழ்ந்ததாகிவிடாது. ஆயினும் பராமரிப்புத் துறையில் அதற்குரிய இடம் இவற்றினும் வேறுபட்டது. அதனை அறிய அத்துறையின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆந் திகதி இங்கிலாந்தில் இரண்டு ஏற்பாடுகள் ஒருங்கே நடைமுறைக்கு வந்தன. ஒன்று தேசிய சுகாதார சேவை. மற்றொன்று தேசிய உதவிச் சட்டம். வைத்தியரையும் வைத்தியசாலையையும் நாடுவோர் கட்டணமின்றிப் பயன்பெற முன்னையது வழி செய்தது. முதுமையாலும் இயலாமையாலும் தம்மைத் தாமே பேணமாட்டாதாரைப் பேணும் கடமையைப் பின்னையது உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. நோய்க்கு மருந்து கொடுப்பது சுகாதாரம். குளிப்பாட்டி, உணவூட்டி, உடன் நடந்து உதவுவது சமூகப் பராமரிப்பு. முன்னையது இலவசம், பின்னையதற்கோ ஒருவரது பொருள்நிலை கணிக்கப்படும். இன்றைய விதிப்படி 23,250 பவுணுக்கு மேற்பட்ட சொத்துடையவர் இல்லத்திற் பேணப்படும் செலவைப் பொதுவாகத் தாமே ஏற்றல் வேண்டும். இக்காரணத்தினால் ஒரு பராமரிப்பு இல்லத்தின் தலைவர் வைத்தியரோடும், உள்ளூராட்சி மன்றத்தோடும், செலவு பற்றிக் கவலையுறும் பிள்ளைகளோடும் ஒரே நாளிற் பேசவேண்டியவராகின்றார்.

இத்தலைவரைச் சட்டம் 'பதிவுபெற்ற முகாமையாளர்' என அழைக்கின்றது. 2008ஆம் ஆண்டுச் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின்படி அமைந்து 2009இற் பணி தொடங்கிய பராமரிப்புத் தர ஆணைக்குழுவே இங்கிலாந்தில் இவ்வில்லங்களைப் பதிவுசெய்து பரிசோதிக்கின்றது. இல்லம் பாதுகாப்பானதா, பயனளிப்பதா, அன்பொடு நடப்பதா, ஒவ்வொருவர் தேவைக்கும் இசைவதா, நல்ல தலைமை உடையதா என்னும் ஐந்து வினாக்களை அது எழுப்பும். முகாமையாளராக விரும்புபவர் நன்னடத்தையும், தக்க கல்வித்தகைமையும், ஆற்றலும், அனுபவமும் உடையர் என்பதை ஆணைக்குழுவின் முன் நிறுவுதல் வேண்டும். பதிவேட்டில் ஏறுவது இல்லத்தின் பெயர் மட்டுமன்று. அவருடைய சொந்தப் பெயருமாகும். இரவில் அவர் தம் வீட்டில் உறங்கும்போதும் இல்லத்தில் நிகழ்வதற்கு அவர் விடைகூறக் கடமைப்பட்டவர்.

தலைமை தவறினால் விளைவது யாதென்பதை இங்கிலாந்து பெருந்துயரத்தோடு கற்றது. மத்திய ஸ்டாபோட்சயர் வைத்தியசாலை நிருவாகத்தின்கீழ் 2005 முதல் 2009 வரை நோயாளர் பலர் கேட்பாரற்று வருந்தினர். அதனை ஆராய்ந்த றொபேட் பிரான்சிஸ் அவர்களின் பொது விசாரணை அறிக்கை 2013ஆம் ஆண்டு பெப்புருவரியில் 290 விதப்புரைகளுடன் வெளிவந்தது. ஆட்சியாளர் நிதிநிலையையும் இலக்குகளையும் நோக்கினரேயன்றி, கட்டிலிற் கிடந்தவரை நோக்கிலர் என்பது அவ்வறிக்கை காட்டிய பேருண்மையாகும். கடிதங்களும் கணக்குகளும் ஒழுங்காயிருந்தும் உள்ளே மனிதர் வாடக்கூடும். தலைமைக்கல்வி எதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

இனி, அக்கல்வியின் முறையைக் காண்போம். வயதுவந்தோர் பராமரிப்பில் தலைமைக்கும் முகாமைக்கும் உரிய ஐந்தாந் தர டிப்ளோமா என்பதே இன்று இங்கிலாந்தில் இப்பதவிக்குப் பெரிதும் வேண்டப்படும் தகைமை. ஐந்தாந் தரம் எனின், பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒத்த தரமாகும். ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரையில் இதனைப் பலர் நிறைவுசெய்கின்றனர். பாதுகாப்பு, ஊழியரைத் தெரிதலும் மேற்பார்த்தலும், நிதி, முறைப்பாடுகளைக் கையாளுதல், பிற நிறுவனங்களோடு இணைந்து பணியாற்றல் என்பன இதன் பாடங்கள்.

இதற்குப் பரீட்சை மண்டபம் இல்லை. மாணவர் தாம் பணிபுரியும் இடத்திலேயே தாம் செய்தவற்றுக்குச் சான்று காட்டுதல் வேண்டும். அச்சான்றுகளின் தொகுதியே சான்றுக் கோவை எனப்படும். மதிப்பீட்டாளர் நேரில் வந்து மாணவர் கூட்டம் நடத்துவதைக் காண்பார். ஊழியர் ஒருவரோடு மேற்பார்வை உரையாடல் செய்வதைக் கவனிப்பார். உடன் பணிபுரிவோர் சாட்சியமும் ஏற்கப்படும். செய்த கருமத்தைப் பற்றி மாணவர் சிந்தித்து எழுதும் குறிப்பும் வேண்டும். ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரை எழுத அஞ்சுவோர் ஒன்றை நினைவிற் கொள்வாராக: மதிப்பீட்டாளரோடு நிகழ்த்தும் வாய்மொழி உரையாடலும் பதிவுசெய்யப்பட்டுச் சான்றாக ஏற்கப்படுவதுண்டு.

இம்முறை எவ்வாறு தலைமையைக் கற்பிக்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். முப்பது முதியோர் வாழும் ஓர் இல்லத்தில் மூன்று மாதங்களில் 14 தடவை முதியோர் வீழ்ந்தனர் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீழ்ச்சியும் விபத்துப் புத்தகத்தில் முறையாக எழுதப்பட்டுள்ளது, கையொப்பமும் இடப்பட்டுள்ளது. பரிசோதகர் கேட்பின் காட்டுவதற்குக் குறைவொன்றுமில்லை. பயிலும் மாணவர் அப்பதினான்கு பதிவுகளையும் நேரப்படி ஒரு தாளில் வரிசைப்படுத்துகின்றார். அவற்றுள் ஒன்பது, காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் நிகழ்ந்தவை எனக் காண்கின்றார். அந்நேரத்தில் இரவு ஊழியர் பகல் ஊழியரிடம் பொறுப்பை ஒப்படைக்க அனைவரும் அறையொன்றிற் கூடுகின்றனர்; முதியோரோ துயிலெழுந்து மலசலகூடம் செல்ல விழைகின்றனர்; அழைப்பு மணிக்கு விடையில்லாமையால் தனியே எழுந்து நடந்து வீழ்கின்றனர்.

காரணம் தெரிந்தபின் செய்யவேண்டுவது யாது? பகல் ஊழியருள் ஒருவர் அரைமணி நேரம் முந்தி வரவேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒருவர் கூடத்திலேயே நிற்றல் வேண்டும். இதற்கு மேலதிகச் சம்பளம் எவ்வளவு என்று கணக்கிட்டு உரிமையாளரை இணங்கச் செய்தல் ஒரு பாடம். காலையில் முந்தி வர விரும்பாத ஊழியரோடு பேசி மாற்றத்தை ஏற்கச் செய்தல் இன்னொரு பாடம். மூன்று மாதங்கள் கழிந்தபின் மீண்டும் எண்ணிப் பார்த்தல் மூன்றாவது பாடம். இவை யாவும் ஒரே கருமத்துள் அடங்கிவிட்டன. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடக்க நேர்ந்திருக்கும் ஒரு முதியவர், அங்ஙனம் நேராது தம் காலாலேயே நடந்து சென்று காலையுணவு உண்பாராயின், அதுவே அப்பாடங்களின் பயன். விரிவுரை மண்டபத்தில் இதனைச் சொல்லிக் கொடுக்கலாம். செய்து பழகப் பணிபுரியும் இடமே வேண்டும்.

சட்ட அறிவும் இவ்வாறே உயிர்பெறுகின்றது. 2005ஆம் ஆண்டு உளத்தகுதிச் சட்டம், ஒருவர் தாமே முடிவெடுக்க வல்லவர் என்று கொள்ளவேண்டுமேயன்றி, வல்லரல்லர் என முன்கூட்டியே கருதலாகாது எனக் கூறுகின்றது. பிறர்க்கு விவேகமற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தமையால் மட்டும் ஒருவரைத் தகுதியற்றவர் எனக் கொள்ளுதலும் ஆகாது. சலரோகமுடைய மூதாட்டி ஒருவர் தேநீருக்குச் சீனி வேண்டுமென வற்புறுத்துகின்றார். மகனோ கொடுக்கலாகாதெனத் தடுக்கின்றார். 'அம்மா, சொன்னாற் கேளுங்கோ' என்று அதட்டி அடக்குவது நம் வீடுகளிற் காணும் வழக்கம். அன்பினாலேயே அது நிகழ்கின்றது. ஆயினும் முகாமையாளர் அங்ஙனம் செய்தல் முறையன்று. தீமையை அவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தல், அவர் விளங்கிக்கொண்டாரா எனக் காணல், விளங்கிக்கொண்டாராயின் அவர் முடிவை மதித்தல், இவையனைத்தையும் எழுதிவைத்தல் என்பனவே அவர் கடமை. சட்டத்தை மனனஞ் செய்தவர்க்கும், அம்மூதாட்டியின் முன்னே நின்று அதனைக் கைக்கொண்டவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இக்கல்விக்கு இடையூறுகளும் உள. முதலாவது, கோவையை நிரப்பும் ஆசை. சான்று வேண்டுமென்பதற்காக ஒரு கருமத்தைச் செய்ததுபோல எழுதுதல், பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதுதல் ஆகியன தலைமைக்குத் தகுதியின்மையைத் தாமே காட்டுவன. காகிதம் நிறைந்தும் கருணை குறைந்த நிலையே பிரான்சிஸ் அறிக்கை காட்டிய நோய் என்பதை மறத்தலாகாது. இல்லத்தில் வாழ்வோரின் பெயரையும் அடையாளத்தையும் கோவையில் வெளியிடாதிருத்தலும் மாணவரின் கடன்.

இரண்டாவது, நேரமின்மை. இரவுப் பணி முடிந்து வந்து படிக்கலாம் என எண்ணுவோர் சில கிழமைகளிற் சோர்ந்துவிடுகின்றனர். கிழமையில் ஒரு நாளின் சில மணி நேரத்தைக் கடமை நிரலிலேயே படிப்புக்கென ஒதுக்கிவிடுதல் சிறந்தது. 250 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனத்தில் 26 கிழமைகள் பணிபுரிந்தவர் பயிற்சிக்கு நேரம் கேட்க அந்நாட்டுச் சட்டம் உரிமை தந்துள்ளது. சிறிய இல்லங்களில் அவ்வுரிமையில்லை; ஆண்டே பதிவுபெறுமுன் உரிமையாளரோடு இதனைப் பேசித் தீர்மானித்தல் வேண்டும். வீட்டாரோடும் பேசுதல் அதனினும் அவசியம். ஏனெனில் இப்படிப்பின் செலவிற் பெரும்பகுதி பணமன்று, மனைவி மக்களுக்குரிய மாலைப்பொழுதே.

மூன்றாவது, துணையின்மை. அனுபவம் வாய்ந்த முகாமையாளர் ஒருவரிடம் மாதம் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேசும் வாய்ப்பிருப்பின் படிப்பு இருமடங்கு பயன்தரும். இங்கேதான் பழைய மாணவர் சங்கங்கள் செய்யத்தக்க தொண்டொன்று உண்டு. இப்பதவியிற் பல்லாண்டு இருந்தோர், புதிதாகப் பயில்வோர் இருவர் மூவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டு விருந்துக்குக் கூடுவதினும் இது எளிது.

இவற்றையெல்லாம் தாயகத்திலிருந்து வாசிப்போர்க்கு, இஃது அயல்நாட்டுக் கதையெனத் தோன்றலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையில் எண்மரில் ஒருவர் அறுபது வயதை எட்டியவராயிருந்தனர். பிள்ளைகள் கடல் கடந்தபின் பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் வடபகுதியிற் பெருகியுள்ளன. முதியோர் இல்லங்களும் பெருகுகின்றன. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பணியிலுள்ள தாதியர் பட்டம் பெற வழிசெய்துள்ளது. இல்லங்களை நடத்துவோர்க்கும் இத்தகைய பணியோடிணைந்த கல்வி வேண்டற்பாலது. அதற்கு முன்னரும், விபத்துப் புத்தகத்தை நேரப்படி எண்ணிப் பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். பிற துறைகளிற் பகுதிநேரக் கல்வி, முழுநேரக் கல்விக்கு வாய்ப்பில்லாதார் கொள்ளும் மாற்றுவழியாக இருக்கலாம். பராமரிப்புத் துறைத் தலைமைக்கோ அதுவே நேர்வழி. பேணப்படுவோரைவிட்டு அகன்று நின்று கற்கக்கூடிய தலைமையன்று அது. இத்துறையில் உழைக்கும் நம் பழைய மாணவர், காலமும் வயதும் கடந்துவிட்டனவென்று தயங்காது இக்கல்வியிற் புகுவாராக. கோவை நிறைந்து பத்திரம் கைக்கு வரும் நாளில், தம் இல்லத்தில் வாழ்வோர் முன்னையினும் நலமாயுள்ளாரா என்று தம்மைத் தாமே கேட்டு, ஆம் என்று விடைகூற வல்லவராயின், அவர் பயின்றது உண்மைக் கல்வியே.