வாய் திறவாமற் பேசும் வழிகள்

பேச்சு வேறு, மொழி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கற்றாரிடத்தும் காணப்படும் வழுவாகும். பேச்சென்பது நாவும் உதடும் மிடறும் மூச்சும் ஒருங்கியைந்து செய்யுந் தொழில். மொழியோ உள்ளத்தின்கண் உள்ளது. பேச்சுறுப்புக்கள் இயங்காமை கண்டு உள்ளத்தில் மொழியில்லை என முடிவு செய்வார், கதவு திறவாமை கண்டு வீட்டில் ஆளில்லை என்பாரை ஒப்பர்.

இவ்வழுவை நாமுஞ் செய்ததுண்டு. பயிற்றப்பட்ட ஆசிரியராய் முதன்முதல் ஒரு கிராமப் பாடசாலையிற் கடமையேற்ற காலத்தில், பெருமூளை வாதத்தாற் பேச்சு வாராத சிறுவனொருவனை அவன் தாயார் நாள்தோறும் தூக்கி வந்து பின்வாங்கில் இருத்திச் செல்வார். அவனை நாம் ஒரு வினாவேனும் வினவியதில்லை. ஒருநாள் வேடிக்கைக் கதையொன்று சொல்லுங்கால், வகுப்பு முழுவதற்கும் முன்னரே அவன் நகைத்தான். கதையின் முடிவிலிருந்த சிலேடை அவனுக்கே முதலில் விளங்கிற்று. அதன் பின்னரும் அவனோடு உரையாடும் வழி எமக்குத் தெரிந்திலது. அடுத்த ஆண்டு அவன் வரவில்லை.

அவ்வழி உலகில் முன்னரே இருந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரில், 1971 ஆம் ஆண்டு, சேர்லி மக்னோட்டன் என்னும் ஆசிரியை பேச்சு வாராத பிள்ளைகளுக்கென ஒரு குறிமொழியைத் தேடினார். சார்ள்ஸ் பிளிஸ் என்பார் 1949 இல் அவுஸ்திரேலியாவில் வெளியிட்ட நூலொன்றில் அஃது அகப்பட்டது. பிளிஸ் நாசிகளின் சிறைமுகாம்களினின்றும் விடுவிக்கப்பட்டுப் பின்னர்ச் சாங்காய் சென்று, ஆங்குச் சீன எழுத்துக்களைக் கண்டு, எம்மொழியாரும் படிக்கத்தக்க பொதுக் குறிகளை ஆக்கியவர். இதயவடிவம் உணர்ச்சியைக் குறிக்கும். அதனோடு மேல்நோக்கிய அம்பு சேரின் மகிழ்ச்சி, கீழ்நோக்கியது சேரின் துயரம். குறிகள் பொறித்த பலகையைக் கையாலோ கண்ணாலோ சுட்டி அப்பிள்ளைகள் வாக்கியம் அமைத்தனர். உலக சமாதானத்துக்கென ஆக்கியது சிறுவர்க்கு உதவியது கண்டு பிளிஸ் முதலில் மகிழ்ந்தார். பின்னர்த் தம் குறிகளை மாற்றுகின்றனர் எனப் பிணங்கினார். அது வேறு கதை.

எழுத்தறிந்தார்க்குக் குறிகள் வேண்டா. பிரான்சு நாட்டுப் பத்திரிகையாசிரியர் சோன் தொமினிக் போபி 1995 டிசம்பரிற் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். இடக்கண் இமையொன்றே அவர் வசப்பட்டது. அவருடைய பேச்சுச் சிகிச்சையாளர், பிரெஞ்சு மொழியில் மிகுதியாய் வரும் எழுத்து முதலாகவும் அருகி வருவது இறுதியாகவும் நெடுங்கணக்கை மாற்றியமைத்தார். ஒருவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் அவர் இமைப்பார். இங்ஙனம் சொல்லப்பட்ட நூல் 1997 இல் வெளியாயிற்று.

இதனைத் தமிழிற் செய்வதெங்ஙனம்? இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒருவர் ஒப்பித்து முடிப்பதற்குள் நோயாளி உறங்கிவிடுவார். ஆயினும் நம் இலக்கணமே இதற்கு வழி காட்டுகின்றது. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்தால் எஞ்சுவன பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமுமாக முப்பத்தொன்றே. குறிலா, நெடிலா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா என முதலில் இனத்தை வினவி, அதன்பின் அவ்வினத்து எழுத்துக்களைச் சொல்லுக. ஆய்தத்தை இடையினத்தின் இறுதியில் வைத்துக்கொண்டால், எவ்வெழுத்தும் பன்னிரண்டு சொல்லுக்குள் அகப்படும். 'பால்' என்பதற்குப் 'ப்' எட்டாவதிலும், 'ஆ' மூன்றாவதிலும், 'ல்' எட்டாவதிலும் வரும். பத்தொன்பது சொல்லிற் பால் கிடைக்கும்! மாணவர் வீண் சுமையெனக் கருதும் எழுத்தியல் ஒருவர்க்கு வாயாகலாம்.

இம்முறைகளைப் பேச்சுச் சிகிச்சையாளர் நன்கறிந்திருத்தல் வேண்டும். அவர் அறியாதவிடத்து நோயாளிக்கு அவை இல்லாதனவே. எவ்வுறுப்பு தவறாது அசைகின்றது, பார்வை எத்துணைத்து, வீட்டில் உடனிருப்பார் யாவர் என்பனவற்றை ஆராய்ந்தே அவர் முறையைத் தெரிவர். பலகையிற் சோறு, தண்ணீர், கக்கூசு என்று மாத்திரம் எழுதி வைத்தல் அறியாதார் செயல். 'வேண்டாம்', 'இன்னும்', 'ஏன்', 'நீங்கள் சொல்வது பிழை' என்பனவும் வேண்டும். மறுக்கவும் வினவவும் இயலாதான் பேசினான் ஆகான். நம் நாட்டில் இத்துறையினர் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் பயிற்றப்படுகின்றனர். தமிழில் ஒலிக்கும் கணினிச் செயலிகளும் இன்று உள. எனினும் மின்கலம் ஓயின் கருவி ஊமையாகும். ஆதலின் அட்டைப் பலகையைக் கைவிடலாகாது.

பலகை கொடுத்தாற் பிள்ளை பேச முயலாதே என்று பெற்றோர் அஞ்சுவர். இவ்வச்சத்தை மில்லர், லைட், சுலோசர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2006 இல் ஆராய்ந்தனர். நம்பத்தகு சான்றுள்ள இருபத்தேழு பேரில் ஒருவர்க்கேனும் பேச்சுக் குன்றவில்லை. நூற்றுக்கு 89 வீதத்தினர்க்குப் பேச்சு வளர்ந்தது. வளர்ச்சி பெரும்பாலும் சிறிதே என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

இனி, உரையாடுவோர்க்கு வேண்டியது காத்திருத்தல். பலகையிற் சுட்டுவோர்க்கு ஒரு சொல்லுக்கே பல விநாடிகள் செல்லும். அண்மையில் எமது வகுப்பில் நாம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். வினாவொன்றைக் கேட்டபின், விடையை நாமே சொல்லிவிடுமுன் காத்திருந்த நேரம் இரண்டு விநாடி.