முகவரியின் கடைசியைப் பாருங்கள்

'இன்றிரவுக்குள் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்' என்று மிரட்டும் குறுஞ்செய்தி வராத கைபேசியே இன்று இல்லை. கூடவே ஒரு லிங்க். அதில் வங்கியின் பெயர் இருக்கிறது. திறந்தால் பூட்டுப் படமும் தெரிகிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலில் வருவது டாட் காம், டாட் இன் போன்ற முடிவு. அதற்கு முந்தைய சொல்லை யார் பதிவு செய்தாரோ அவருடையதுதான் தளம். இன்னும் இடப்பக்கம் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், உங்கள் வங்கியின் பெயரையும்கூட. வங்கிப் பெயர், புள்ளி, வேறொரு சொல், டாட் காம் என்று இருந்தால் அது அந்த வேறொரு சொல்லுக்குச் சொந்தக்காரரின் தளம்.

எல்லா முடிவுகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. 1985 முதல் புழக்கத்தில் இருக்கும் டாட் காம் வணிகத்துக்கென்று வந்தது. இன்று யாரும் வாங்கலாம். தொண்டு நிறுவனம் என்று நாம் நம்பிவிடும் டாட் ஆர்க் முகவரியும் அப்படியே. டாட் ஏஐ, கரீபியக் கடலில் உள்ள அங்குவிலா தீவின் குறியீடு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் விரும்பி வாங்குவதால் அந்தச் சின்னத் தீவுக்கு நல்ல வருமானம். ஆனால் அந்த நிறுவனங்களுக்கு அது எந்தத் தகுதிச் சான்றும் ஆகாது.

வாசலில் ஆளை விசாரித்து உள்ளே விடும் முடிவுகளும் உண்டு. 'ஜிஓவி டாட் இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதைப் பதிவு செய்து தருவது ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டும்தான். பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு இது.

வீட்டுப் பெரியவர்களின் போனில் வங்கியின் சரியான முகவரியை நீங்களே சேமித்துக் கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.