கூரையைக் காக்க அரசாங்கம் கொடுக்கும் பணம்

புயல் ஒரு வீட்டின்மேல் முதலிற் கை வைக்கும் இடம் கூரையே. அத்திவாரம் அசையாதிருக்கலாம், சுவர்கள் நிமிர்ந்து நிற்கலாம், ஆனாற் கூரை போய்விட்டதென்றால், பின்னர் வீடு என்று சொல்ல அங்கே என்ன இருக்கின்றது? 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய இரவை அறிந்தவர்களுக்கு இதனை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் தகரமும் கிடுகும் காற்றோடு போக, எஞ்சிய சுவர்களுக்கிடையே மழையில் நனைந்த குடும்பங்களின் கதையை இன்றும் அப்பகுதிப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

புயல் அடித்து ஓய்ந்த பின்னர் அரிசியும் துணியும் கூடாரமும் வழங்குவது எல்லா நாட்டு அரசாங்கங்களும் செய்வதுதான். புயல் வருவதற்கு முன்னரே, "உமது கூரையைப் பலப்படுத்திக் கொள்ளும், செலவில் ஒரு பங்கை நாம் தருகின்றோம்" என்று சொல்லும் அரசாங்கம் உண்டா? உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்குக் கரையோர மாநிலங்கள் சிலவற்றில் இப்படியான திட்டங்கள் நடைபெற்று வருகின்றன. அங்கே கொடுக்கப்படுவது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அன்று, மானியம். அத்திட்டங்கள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு நடக்கின்றன, யாருக்கு எட்டுகின்றன, யாருக்கு எட்டாமற் போகின்றன என்பவற்றை இங்கே பார்ப்போம்.

பெயர் வேறு, காற்று ஒன்று

நாம் சூறாவளி என்று சொல்வதையே அத்திலாந்திக் சமுத்திரக் கரையினர் 'ஹரிக்கேன்' என்கின்றனர். சீன, யப்பானியக் கடற்பகுதியில் அதற்குத் 'தைபூன்' என்று பெயர். சூடான கடல்நீரிலிருந்து வலிமை பெற்றுச் சுழன்று வரும் காற்று என்ற அளவில் மூன்றும் ஒன்றே. அத்திலாந்திக் பகுதியில் யூன் மாதம் தொடங்கி நவம்பர் முடியும்வரை இதற்குரிய பருவம். காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீற்றரை எட்டும்போதுதான் அதற்கு ஹரிக்கேன் என்ற பெயர் வழங்கப்படுகின்றது.

கூரை ஏன் பறக்கின்றது?

காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்தி நொறுக்குகின்றது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதற்கு மாறானது. வேகமாக வீசும் காற்று கூரையின்மேல் ஏறிச் செல்லும்போது, ஆகாய விமானத்தின் சிறகைத் தூக்குவது போன்ற ஓர் இழுவிசை உண்டாகிக் கூரையை மேல்நோக்கி இழுக்கின்றது. இந்த இழுப்பு விளிம்புகளிலும் மூலைகளிலுமே மிகக் கடுமையாக இருக்கும். அவ்வேளையில் ஒரு யன்னலோ வாகனக் கொட்டகையின் கதவோ உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து கூரையைத் தள்ளத் தொடங்கும். மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல்; இரண்டுக்கும் நடுவில் நிற்பவை ஓடாவி அடித்த ஆணிகள் மாத்திரமே.

அமெரிக்க வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். கைமரங்களின்மேல் ஒட்டுப்பலகைகளை அடித்து, அவற்றின்மீது தாரூட்டிய மெல்லிய ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பது அங்குள்ள வழக்கம். காற்று ஓட்டுத் துண்டுகளைப் பிய்த்துவிட்டால், பலகைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகள் வெளிப்படும். அவற்றினூடாக மழை இறங்கும். பலகைகள் அசையாமல் இருந்தாலும் உட்கூரை ஊறி இடிந்து விழும். மெத்தையும் அலுமாரியும் பிள்ளைகளின் புத்தகங்களும் குடும்பப் படங்களும் பாழாகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு வீடு முழுமையாகத் தோன்றும். உள்ளேயோ குடியிருக்க முடியாது. புயலுக்குப் பின் அமெரிக்கக் கரையோர ஊர்களில் வீடு வீடாக விரிக்கப்படும் நீலத் தார்ப்பாய்கள் இந்த நாசத்தின் அடையாளங்களே.

அடிபட்டுக் கற்ற பாடம்

1992 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24 ஆந் திகதி 'ஆண்ட்ரூ' என்னும் புயல் புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியை அழித்தது. இழப்பீடு கொடுக்க மாட்டாமற் பல காப்புறுதிக் கம்பனிகள் முறிந்து போயின. அந்த அனுபவத்தின் பயனாக 2002 ஆம் ஆண்டிற் கடுமையான கட்டிட விதிகள் அம்மாநிலம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் விதிகள் புதிதாகக் கட்டப்படும் வீடுகளையே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே நிற்கும் இலட்சக் கணக்கான பழைய வீடுகளை என்ன செய்வது? மானியத் திட்டங்களின் பிறப்பு இந்தக் கேள்வியிலேதான் உள்ளது.

அயலிலுள்ள அலபாமா மாநிலத்துக்குக் கரை சிறிது. ஆனாற் புயல் குறைவில்லை. 2004 ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'ஐவன்', மறு ஆண்டு ஓகஸ்டிற் 'கத்தரினா' என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. காப்புறுதிக் கம்பனிகள் கரையோரத்தை விட்டு ஒதுங்கத் தொடங்கின. தங்கியிருந்தவை கட்டணத்தை உயர்த்தின. அந்நாட்டு வழக்கத்தை அறியாத வாசகர்களுக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். அங்கே பெரும்பாலானோர் வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற்றே வாங்குகின்றனர். காப்புறுதி இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் கொடாது. ஆகவே காப்புறுதிக் கட்டணம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டால், புயல் வராமலே அந்தக் குடும்பம் வீட்டை இழக்கும் நிலைக்கு வந்துவிடும்.

அலபாமா கண்ட வழி

இந்நிலையில் 2011 ஆம் ஆண்டில் அலபாமாச் சட்டசபை ஒரு திட்டத்துக்கு வழி செய்தது. 'அலபாமா இல்லங்களைப் பலப்படுத்துவோம்' என்பது அதன் பெயரின் பொருள். 2016 ஆம் ஆண்டில் முதல் மானியங்கள் வழங்கப்பட்டன. ஒரு வீட்டுக்கு 10,000 டொலர் வரை கொடுக்கப்படும். இதுவரை 8,000 இற்கு மேற்பட்ட கூரைகள் இவ்விதம் மாற்றப்பட்டுள்ளன. இதற்குரிய பணம் பொதுமக்களின் வரியிலிருந்து எடுக்கப்படுவதில்லை; காப்புறுதித் தொழிலிடமிருந்து மாநிலத்துக்குக் கிடைக்கும் கட்டணங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றது. கூரை உறுதியானால் இழப்பீடு குறையும். ஆதலால் இலாபமடையும் தொழிலே செலவையும் ஏற்பது பொருத்தமன்றோ!

பணம் வீட்டுக்காரரின் கையிற் கொடுக்கப்படுவதில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். முதலிற் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டைப் பரிசோதிக்கின்றார். பின்னர் தகுதி பெற்ற ஒப்பந்தகாரர்களிடமிருந்து விலைமனுக்கள் கோரப்படுகின்றன. வேலை நடக்கும்போதே அடித்த ஆணியும் ஒட்டிய நாடாவும் புகைப்படமாகப் பதிவு செய்யப்படுகின்றன; ஓட்டுத் துண்டுகள் பதித்த பிறகு அவற்றைப் பார்க்க முடியாதல்லவா? எல்லாம் சரியென்று சான்றிதழ் கிடைத்த பின்னரே ஒப்பந்தகாரருக்கு மானியப் பணம் போய்ச் சேரும். அரைகுறை வேலைக்கும் களவுக்கும் இடம் கொடாத ஏற்பாடு இது.

செய்வது என்ன?

பெருஞ் செலவில் இரும்புக் கோட்டை கட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். செய்யப்படுவன மிக எளிய காரியங்களே. முதலாவது, ஆணி. வழுவழுப்பான ஆணிகளுக்குப் பதிலாக, தண்டைச் சுற்றி வளையங்கள் பொறித்த ஆணிகளை நெருக்கமாக அடிக்கின்றனர். இவ்வளையங்கள் மரத்தைக் கவ்விப் பிடிப்பதால், பிடுங்குவதற்கு ஏறக்குறைய இரு மடங்கு பலம் வேண்டியிருக்கின்றது. இரண்டாவது, பலகைகளின் இடுக்குகளை ஒட்டும் நாடாவினால் மூடுகின்றனர். மேலேயுள்ள ஓட்டுத் துண்டுகள் போனாலும் மழை உள்ளே இறங்காது. மூன்றாவது, காற்று முதலிற் பிடித்து இழுக்கும் விளிம்பிலே அகலமான உலோகத் தகட்டை வைத்து இறுக்குகின்றனர். கூரையிலுள்ள காற்றுத் துவாரங்களும் மழை புகாதவையாக மாற்றப்படுகின்றன.

இம்முறையை வகுத்தவர்கள், காப்புறுதிக் கம்பனிகளின் பணத்தில் நடைபெறும் ஓர் ஆராய்ச்சி நிறுவகத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'போர்ட்டிபைட்'. அரண் செய்யப்பட்டது என்பது பொருள். தென் கரோலினா மாநிலத்தின் ரிச்பேர்க் என்னும் ஊரில் 2010 ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சோதனைக்கூடம் திறந்தனர். அங்கே 105 இராட்சத விசிறிகள் உண்டு. முழு வீடொன்றையே உள்ளே நிறுத்திப் புயற்காற்றை வீசச் செய்யலாம். தொடக்கத்திலேயே சாதாரண வீடொன்றையும் அரண் செய்த வீடொன்றையும் அருகருகே நிறுத்திக் காற்றை ஏவினர். சாதாரண வீடு சரிந்து குவியலாயிற்று; மற்றையது நின்றது.

கூடத்துச் சோதனை ஒரு புறமிருக்க, இயற்கையே ஒரு சோதனையை நடத்தியது. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆந் திகதி 'சாலி' என்னும் புயல் அலபாமாக் கரையை மணிக்கு ஏறக்குறைய 175 கிலோமீற்றர் வேகத்திற் தாக்கியது. அப்போது அங்கே அரண் செய்த கூரைகள் ஆயிரக் கணக்கில் இருந்தன. அலபாமாப் பல்கலைக்கழகத்தினர் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்து 2025 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அரண் செய்த வீடுகளிலிருந்து இழப்பீடு கோரியவர்களின் விகிதம், சாதாரண வீடுகளைவிட 55 முதல் 74 வீதம் வரை குறைந்திருந்தது. கோரியவர்களின் இழப்பும் குறைவாகவே இருந்தது.

சான்றிதழ் பெற்ற வீட்டுக்குக் காற்றுக் காப்புறுதிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று அலபாமாச் சட்டம் கூறுகின்றது. ஆகவே பலன் புயல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுக் கட்டணச் சீட்டிலேயே தெரியும். சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் மறுபடி பரிசோதித்துப் புதுப்பித்துக் கொள்ளலாம்.

அயல் மாநிலங்கள்

புளோரிடா மாநிலம் 2006 ஆம் ஆண்டிலேயே 'என் பாதுகாப்பான புளோரிடா இல்லம்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. ஆனாற் பணம் தொடர்ந்து ஒதுக்கப்படாமையால் அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. காப்புறுதி நெருக்கடி முற்றிய பின்னர், 2022 ஆம் ஆண்டில் 15 கோடி டொலருடன் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். அங்கே வீட்டுக்காரர் 1 டொலர் போட்டால் அரசாங்கம் 2 டொலர் போடும். 10,000 டொலர் உச்ச எல்லை. வருமானம் குறைந்தவர்கள் தம் பங்கைச் செலுத்தாமலே மானியம் பெற வழியுண்டு. 2008 ஆம் ஆண்டுக்கு முன் அனுமதி பெற்றுக் கட்டப்பட்ட வீடுகளுக்கே இது உரியது.

2020 இல் 'லோரா', 2021 இல் 'ஐடா' என்று பெரும் புயல்களைக் கண்ட லூசியானா மாநிலமும் அலபாமாவைப் பின்பற்றியது. 2022 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றி, 2023 இல் 3 கோடி டொலர் ஒதுக்கி, அங்கும் 10,000 டொலர் வரை வழங்குகின்றனர். விண்ணப்பிப்போர் தொகை பணத்தின் அளவை மிஞ்சியமையால் யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கலினாலேயே தீர்மானித்தனர்.

யாருக்கு எட்டும்?

இத்தனை நன்மைகளையும் சொன்ன நாம், குறையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. சீட்டு விழுந்தவரின் கூரை நிற்கும். அதே தெருவிற் சீட்டு விழாதவரின் கூரை பழையபடியே இருக்கும். காற்றுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இன்னுமொன்று. அலபாமாவில் மானியம் பெறச் சொந்த வீடு வேண்டும். அதிலேயே குடியிருக்க வேண்டும். காற்றுக் காப்புறுதி வேண்டும். மதிப்பீட்டாளரின் கூலியும், மானியத்துக்கு மேற்படும் செலவும் வீட்டுக்காரரையே சாரும். கட்டணம் கட்ட மாட்டாமற் காப்புறுதியைக் கைவிட்ட ஏழைக்கு வாசலிலேயே கதவு சாத்தப்படுகின்றது. வாடகைக்கு இருப்பவரோ தம் தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றிப் பேச உரிமையில்லாதவர். சக்கரங்கள்மேற் கொண்டுவந்து நிறுத்தப்படும் தொழிற்சாலை வீடுகளில் எளியவர் பலர் வாழ்கின்றனர். புயலுக்கு முதலிற் பலியாகும் இந்த வீடுகளுக்கு மானியம் இல்லை. அரண் செய்யும் முறை அவற்றுக்குப் பொருந்தாது என்பது காரணமாயினும், காற்றுக்கு அஞ்சி இரவில் விழித்திருக்கும் தாய்க்கு அந்தக் காரணம் ஆறுதலாகுமா?

தென் கரோலினா மாநிலம் இதனை ஓரளவு உணர்ந்தே, 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வருமானத்தைப் பார்த்து இருவகை மானியம் வகுத்தது. வசதியுள்ளவர் தம் பங்கையும் போட வேண்டும். வசதியற்றவர் போட வேண்டியதில்லை. புளோரிடாவும் 2024 ஆம் ஆண்டிலிருந்து வருமானம் குறைந்த முதியோரை வரிசையின் முன்னே நிறுத்துகின்றது. திட்டங்கள் செல்ல வேண்டிய திசை இதுவே என்பது நமது எண்ணம்.

முன்காப்புக்காக மத்திய அரசாங்க மானியத்திற் செலவிடப்படும் ஒவ்வொரு டொலரும் பிற்காலத்தில் 6 டொலர் இழப்பைத் தவிர்க்கின்றது என்று அமெரிக்கத் தேசியக் கட்டிட விஞ்ஞான நிறுவகம் 2019 ஆம் ஆண்டிற் கணக்கிட்டது. அழிந்த பிறகு கொடுக்கும் கை பெரிதாகத் தோன்றும். அதனை எல்லாரும் காண்பர், பத்திரிகையும் படம் பிடிக்கும். அழியாமற் காத்த கையை எவரும் காண்பதில்லை. புயல் கடந்த மறுநாட் காலையில், சேதமின்றி நிற்கும் ஒரு கூரையின்கீழ் பிள்ளைகள் உலர்ந்த பாயில் உறங்குவது செய்தியாவதில்லை. ஆயினும் அந்தச் செய்தியில்லாக் காலைக்காகச் செலவிடப்படும் பணமே நல்ல அரசாங்கத்தின் பணம் எனலாம். அக்காலை எளியவர் வீட்டிலும் விடியும்படி செய்தல் வேண்டும்.