காலுக்குக் காதின் துணை

வீட்டிலே ஒருவர் படியேறி வரும்போது, ஆளைக் காணாமலே இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுகிறோம். அவருடைய காலடியோசையே சான்று. நம் சொந்தக் காலடியோசையையோ நாம் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை.

பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவரின் நிலைமை வேறு. பாதம் தரையில் பதிந்ததா, அதன்மேல் உடற்பாரம் இறங்கிற்றா என்ற செய்தி பலருக்கு மூளையைச் சரிவரச் சென்று சேர்வதில்லை. ஆகவே நல்ல காலையே நம்பி, மற்றக் காலை இழுத்து நடக்கிறார். நாளடைவில் அதுவே பழக்கமாகியும் விடுகிறது.

இழந்த செய்தியைக் காதின் வழியே அனுப்பலாம் என்பதே இன்றைய முறையொன்றின் கருத்து. பாதணியினுள்ளே அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு வைக்கப்படுகிறது. அல்லது தீப்பெட்டியளவான உணர்கருவி காலிலே கட்டப்படுகிறது. கால் வீசப்படும் வேகத்தையும், குதிக்கால் தரையில் படும் அதிர்வையும் அது கணந்தோறும் அளக்கும். தளர்ந்த காலில் வைத்தியர் குறித்த அளவு பாரம் இறங்கினால் ஓர் ஒலி எழும், இறங்காவிடில் எழாது. நடப்பவர் தம் பிழையை அந்த அடியிலேயே அறிந்து, அடுத்த அடியில் திருத்தலாம். கண்ணாடியைப் பார்த்து நடைபழகுவதிலும் இது மேலானது என்பேன். கண் பாதையைப் பார்க்கவேண்டியதன்றோ?

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் விவரித்த நடுக்கவாதத்தில் குறை வேறிடத்தில் உள்ளது. மூளையின் உட்பகுதியில் டோபமீன் என்னும் பொருள் குன்றுவதால், அடிகளைக் காலந்தவறாது தொடுக்கும் ஆற்றல் கெடுகிறது. அடிகள் குறுகுகின்றன, வாயிற்படியருகே கால்கள் ஒட்டியவைபோல் நின்றுவிடுவதும் உண்டு. இவருக்குத் தாளமே வெளியிலிருந்து வரவேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் தவுட் முதலானோர் 1996இல் வெளியிட்ட ஆய்விலே, தாளத்தை அழுத்திக்காட்டும் இசையுடன் 3 வாரம் நடைபழகியவர்களின் வேகம் 25 சதவீதம் கூடிற்று. தாளமின்றிப் பழகியோருக்கு 7 சதவீதமே கூடிற்று.

ஆனால் ஒலிநாடாவின் தாளம் எவருக்காகவும் காத்திராது. உணர்கருவி பொருந்திய புதிய அமைப்புகள், பாடகரை அனுசரிக்கும் மிருதங்கக்காரரைப்போல, நடப்பவரின் அடியைக் கேட்டுத் தம் தாளத்தைச் சற்றே மாற்றிக்கொள்கின்றன.

நேயர்களே, இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. ஒலியையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டவர், ஒலி நின்றதும் பழைய நடைக்கே திரும்பிவிடக்கூடும். ஆகவே முதலில் அடிதோறும் ஒலிப்பதை, பின்னர் பிழை நேரும்போது மட்டும் ஒலிக்கச் செய்து, படிப்படியாகக் குறைக்கவேண்டும். கடைசியிலே கருவியைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், சோதனை அப்போதுதான்.