சிறுநீர்ப்பைக்குள் ஒரு சிறு விளக்கு

உப்பு எப்படி விளைகிறது? விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில், மரக்காணத்து உப்பளங்களில் வேலை செய்யும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்ச வேண்டும். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, எஞ்சிய நீர் கனத்துக்கொண்டே வரும். உப்பளத்தில் இந்தக் கனத்தை டிகிரிக் கணக்கில் அளப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. அது 25 டிகிரியை எட்டும்போது உப்பு மணி மணியாகப் படியத் தொடங்கும். அதற்கு வெகு முன்னதாகவே, நீரில் எளிதில் கரையாத கால்சியம் சல்பேட்டு, அதாவது ஜிப்சம், அடியில் படிந்துவிடும். எது குறைவாகக் கரையுமோ அதுவே முதலில் பிரியும் என்பது வேதியியல் விதி.

இதே விதி நம் உடம்புக்குள்ளும் செல்லும். சிறுநீரும் ஓர் உப்புக் கரைசலே. நீர் குறைந்து அது கனத்துப் போனால், எளிதில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டு போன்ற பொருள்கள் மணிகளாகப் பிரிந்து கல்லாக வளர வாய்ப்பு உண்டு. உணவு, பரம்பரை, சிறுநீரில் உள்ள தடுப்புப் பொருள்கள் ஆகியவையும் இதில் பங்கு கொள்கின்றன. ஆனால், நீர் குறைவது கல் தோன்ற ஒரு முக்கியக் காரணம் என்பதில் ஐயமில்லை.

வெயிலும் வேர்வையும்

உப்பு வாரும் பருவம் கடும் வெயில் பருவம். வரப்பில் நின்று வாரும்போதும், தலையில் உப்பைச் சுமந்து கரையேற்றும்போதும் வேர்வை ஆறாகப் பெருகும். வெள்ளைப் பாத்தியிலிருந்து எதிரொளிக்கும் வெயிலும் உடம்பில் படும். போன நீரை ஈடுகட்டக் குடிக்க வேண்டும். ஆனால், திறந்த வெளியில் மறைவிடம் இல்லாதபோது பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வந்த சிறுநீரையும் அடக்கிக்கொள்வார்கள். தென்னிந்தியாவில் வெப்பம் மிகுந்த வேலையிடங்களில் உழைக்கும் பெண்களைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, வெப்பமும் கழிப்பிடமின்மையும் சேர்ந்து அவர்களுடைய சிறுநீர்ப் பாதை நலத்தைக் கெடுப்பதை எடுத்துக் காட்டியது.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி கழிக்கத் தோன்றுதல், அடிவயிற்று வலி ஆகியவை பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருபவை. சிறுநீர்ச் சோதனையும் தக்க மருந்துமே அவற்றுக்குப் போதும். தொற்று வந்த எல்லோருக்கும் உள்ளே பார்க்கும் சோதனை தேவையில்லை. தொற்று இல்லாமலே சிறுநீரில் இரத்தம் தென்படுதல், மருந்துக்குப் பிறகும் இரத்தம் நிற்காமை, சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம் என்ற ஐயம் போன்ற நிலைகளில்தான் மருத்துவர், "உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிடலாம்" என்கிறார். 'சிஸ்டாஸ்கோப்பி' என்பது அதன் பெயர். சிறுநீர்ப்பை அகநோக்குச் சோதனை என்று நாம் கூறலாம்.

பெயரைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது. "வலிக்குமோ? யார் பார்ப்பார்களோ? அறுவை செய்வார்களோ?" என்று ஆயிரம் கேள்விகள் எழுகின்றன. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பல வேளைகளில் வலியே இல்லாத இரத்தப் போக்குதான். அது ஒரு நாள் தோன்றும். பிறகு தானே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று நாமும் மறந்துவிடுவோம். பெண்களுக்கு வரும் இரத்தத்தைத் தொற்று என்றோ மாதவிலக்கு என்றோ எண்ணிவிடுவதால், நோயைக் கண்டுபிடிப்பது ஆண்களைவிடத் தாமதமாவது உண்டு. உட்சுவரின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும்போது கண்டுகொண்டால், வயிற்றைக் கிழிக்காமலே, அதே சிறுநீர் வழியாகக் கருவியைச் செலுத்தி அதை அகற்றிவிட முடியும்.

மெழுகுவத்தியிலிருந்து கண்ணாடி இழை வரை

உயிருள்ள மனிதரின் உடம்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1806-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் பிலிப் போசினி ஒரு கருவி செய்தார். அதில் எரிந்தது ஒரு மெழுகுவத்தி! அதன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் குழாய் வழியே உள்ளே செலுத்தினார். 1877-இல் மாக்சிமிலியன் நிட்சே என்பவர் விளக்கையே குழாயின் நுனியில் வைத்தார். மின்சாரத்தால் ஒளிரும் பிளாட்டினக் கம்பி அது. அதன் சூடு சுடாமலிருக்கக் குளிர்ந்த நீரைச் சுற்றிலும் ஓட்ட வேண்டியிருந்தது.

இன்று உள்ளே செல்வது குளிர்ந்த ஒளி மட்டுமே. விளக்கு வெளியில் இருக்க, ஒளி மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் வழியே பயணம் செய்கிறது. இத்தகைய இழைக் கட்டின் வழியே படத்தைக் கடத்த முடியும் என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதிக் காட்டிய இருவரில் ஒருவர், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. மற்றவர் அவருடைய ஆசிரியர் ஹரால்டு ஹாப்கின்ஸ். வளையும் அகநோக்கிகள் பிறந்தது இந்த அடிப்படையில்தான். இன்றைய கருவிகள் பலவற்றில் நுனியிலேயே நுண்ணிய கேமரா இருக்கிறது. வளையும் கருவியின் பருமன் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு பென்சிலைவிட மெல்லியது.

பெண்களுக்கு இயற்கையே ஒரு சலுகையும் அளித்திருக்கிறது. ஆணின் சிறுநீர் வடிகுழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுடையது, வளைவுகளும் உடையது. பெண்ணின் குழாயோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான், நேராகவும் இருக்கிறது. ஆகவே கருவி கடக்க வேண்டிய வழி மிகச் சிறியது. வளையாத கருவியைக்கூட, பெண்களுக்கு மரப்பு மருந்து தடவியே பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

அச்சம் ஏன் வலியைக் கூட்டுகிறது?

உப்பளத்தில் மடை உண்டல்லவா? சிறுநீர்ப்பைக்கும் ஒரு மடை உண்டு. குழாயைச் சுற்றியுள்ள மூடுதசையும், இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில் போல் பரவிய தசைகளுமே அந்த மடை. இவற்றை நாம் விரும்பியபோது இறுக்கலாம், தளர்த்தலாம். சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிறோம்; கழிக்கும்போது தளர்த்துகிறோம்.

அஞ்சும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் நம்மை அறியாமலே இறுகுகின்றன. மடையும் இறுகிவிடுகிறது. இறுகிய வழியில் கருவி நுழைந்தால் உறுத்தல் மிகும். உறுத்தியதும் அச்சம் மேலும் பெருகும். தசை மேலும் இறுகும். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

எப்படி அறுப்பது? 1964-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும், அறுவைக்குப் பின் எங்கே வலிக்கும், அது ஏன் வருகிறது, மூச்சாலும் தசைத் தளர்ச்சியாலும் அதை எப்படிக் குறைக்கலாம் என்று மயக்க மருத்துவர் முன்னதாகவே எடுத்துச் சொன்னார். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதிதான்! வீட்டுக்கும் விரைவில் திரும்பினார்கள். 1970-களில் ஜீன் ஜான்சன் என்ற செவிலியர்-ஆய்வாளர் இன்னொரு படி மேலே சென்றார். மருத்துவர் என்ன செய்வார் என்று சொல்வதைவிட, உங்களுக்கு எப்படித் தோன்றும் என்று சொல்வதே கலக்கத்தை நன்கு தணிக்கிறது என்று அவர் காட்டினார்.

அந்த வழியிலேயே இந்தச் சோதனையையும் பார்ப்போம்.

என்ன செய்வார்கள்? எப்படித் தோன்றும்?

முதலில் சிறுநீரைச் சோதிப்பார்கள். தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே சோதனை நடைபெறும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும், மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும், மாதவிலக்காய் இருப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோதனை மேசையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து அகற்றி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மேலே துணி போர்த்துவார்கள். கிருமிநாசினியால் துடைக்கும்போது சில்லென்று இருக்கும். பிறகு லிக்னோகெயின் என்ற மரப்புக் களிம்பைக் குழாயில் செலுத்துவார்கள். அப்போது சற்றுக் காந்தலாம். அது வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பது பயன் தரும்.

கருவி நுழையும்போது ஓர் அழுத்தமும், கணநேரக் கடுப்பும் தோன்றும். மூடுதசையைக் கடக்கும் அந்தச் சில விநாடிகள்தாம் சோதனையின் மிகக் கடினமான பகுதி. அடுத்து, சுருங்கியிருக்கும் பையை விரித்துப் பார்ப்பதற்காகத் தூய உப்புநீரைச் செலுத்துவார்கள். வயிற்றுக்குள் குளிர்ச்சி பரவும், "சிறுநீர் முட்டுகிறதே, இங்கேயே போய்விடுமோ!" என்று தோன்றும். பை நிரம்புவதால் எழும் இயல்பான உணர்ச்சி அது. சிறிது கசிந்தாலும் அது பெரும்பாலும் அவர்கள் செலுத்திய நீரே, வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதனையை நாள்தோறும் செய்பவர்கள் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

மருத்துவர் பையின் சுவர்களையும், சிறுநீரகங்களிலிருந்து நீர் வந்து விழும் இரண்டு நுண் துளைகளையும் பார்ப்பார். பார்த்து முடிக்கப் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்கள் போதும். தசையைக் கிள்ளி எடுத்தல், கல்லை உடைத்தல் போன்றவை தேவையானால் மயக்க மருந்துடன் செய்வது உண்டு. உணவு உண்ணலாமா கூடாதா என்பதும் இதைப் பொறுத்ததே. எந்த முறை என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதல் நாள் இரவே மூச்சுப் பயிற்சி செய்து பாருங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வாயால் விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புகளைத் தூண்டுகிறது.

கருவி நுழையும் வேளையில் மூச்சை அடக்காதீர்கள். மெல்ல வெளியே விடுங்கள். பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்துங்கள். சிறுநீர் கழிக்கத் தொடங்குவதுபோல் அடிவயிற்றைத் தளர விடுங்கள். இந்த ஒரு செயலிலேயே மடை திறந்துவிடும்.

சிலருக்குத் திரையில் தம் சிறுநீர்ப்பையைத் தாமே காண்பது துணிவு தரும். சிலருக்குப் பார்க்காமலிருப்பதே நிம்மதி. இசை கேட்பதால் சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. உங்களுக்கு எது ஏற்றதோ அதைக் கேட்டுப் பெறுங்கள். "வலித்தால் கையை உயர்த்துகிறேன், சற்று நிறுத்துங்கள்" என்று முன்பே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. நிறுத்தும் உரிமை நம் கையில் இருக்கிறது என்ற எண்ணமே பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

நாணம் என்பதும் சிறிய தடையன்று. வலியைவிட அதற்கே அஞ்சுவோர் பலர். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில், ஆண் மருத்துவர் பெண்ணைச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்ற உரிமை இடம் பெற்றுள்ளது. சோதனையைப் பற்றி விளக்கம் கேட்டறிந்து ஒப்புதல் தருவதும் உங்கள் உரிமை. "அக்கா, என் கூடவே நில்லுங்கள்" என்று செவிலியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

சோதனைக்குப் பிறகு

ஓரிரு நாள் எரிச்சலும், இளஞ்சிவப்பான சிறுநீரும் இருக்கலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்; நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். அன்று ஒரு நாளாவது வேர்த்து வடியும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. குளிர்காய்ச்சல், சிறுநீர் இறங்காமை, கட்டியாக இரத்தம், தணியாத வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மரக்காணத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சிறுநீரியல் துறை இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வழி தொலைவில் இல்லை. ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை உண்மையானதுதான். ஆனால், தள்ளிப் போட்ட நோய் பல மாதக் கூலியை விழுங்கிவிடும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் அம்மாவோ, அத்தையோ, பாட்டியோ சிறுநீரில் இரத்தம் கண்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னால், நின்றுவிட்டதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். சோதனை நாளன்று துணைக்கும் செல்லுங்கள்.