பெறுதி ஒப்பந்தங்களின் விலையும் இடர்காப்பும்

விலை ஏறுதலும் இறங்குதலும் வணிகத்தின் இயல்பு. அறுவடைக் காலத்தில் கோதுமையின் விலை வீழுமோ என உழவன் அஞ்சுவான். அவ்விலை ஏறுமோ என ஆலை நடத்துபவன் அஞ்சுவான். பின்னர்க் கைமாறும் பொருளுக்கு இன்றே விலை பேசி உடன்படின் இருவர் அச்சமும் ஒருங்கே நீங்கும். 1848 இல் நிறுவப்பெற்ற சிக்காகோ வணிகச் சபையில் இத்தகைய உடன்படிக்கைகள் பெருவழக்காயின. பிறிதொரு பொருளின் விலையிலிருந்து தன் மதிப்பைப் பெறுதலின் இவ்வகை உடன்படிக்கை பெறுதி ஒப்பந்தம் எனப்படும்.

இவற்றுள் ஒரு வகை, இரு திறத்தாரையும் கட்டுப்படுத்துவது. மற்றொரு வகையாகிய தெரிவுரிமை, குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை ஒருவனுக்கு அளித்து, கடமையை மற்றவன்மீது சுமத்துவது. கிரேக்க அறிஞர் தேல்சு, மாரிகாலத்திலேயே சிறுதொகை கொடுத்து ஒலிவ எண்ணெய்ச் செக்குகளை அமர்த்தி, விளைச்சற் காலத்தில் தாம் விரும்பிய வாடகைக்கு விட்டுப் பொருளீட்டினார் என அரிசுட்டோட்டில் கூறுவர். கடமையின்றி உரிமை பெறுபவன் அதற்கு ஒரு விலை கொடுத்தல் வேண்டும். அவ்விலை எவ்வளவு என்பதே வினா. 1900 இல் பாரிசு நகரில் லூயி பசெலியே என்பார் தம் ஆய்வேட்டில் இதனைக் கணித முறையால் ஆராய்ந்தார். ஆயினும், முழுமையான விடை 1973 இலேயே கிட்டியது.

அவ்விடையின் கருத்தை எளியதோர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பங்கின் இன்றைய விலை 100 ரூபாய் எனவும், ஓராண்டின் பின் அது 120 அல்லது 90 ரூபாய் ஆகும் எனவும் கொள்க. அன்று அப்பங்கை 105 ரூபாய்க்கு வாங்கும் உரிமையின் இன்றைய விலை யாது? பங்கின் விலை 120 ஆயின் உரிமை 15 ரூபாய் பெறும். 90 ஆயின் ஒன்றும் பெறாது. இரண்டும் சமவாய்ப்புடையன எனின் சராசரி 7.50 ரூபாய், அதுவே விலை எனப் பலர் கருதுவர். அஃது அன்று. ஒருவன் 45 ரூபாய் கடன்பெற்று, தன் 5 ரூபாயையும் சேர்த்து, அரைப்பங்கு வாங்குகின்றான் என்க. எளிமை கருதி வட்டியை விட்டுவிடுக. விலை ஏறின் அவன் அரைப்பங்கு 60 ரூபாய் ஆகும். கடன் போக 15 எஞ்சும். விலை வீழின் அது 45 ரூபாய் ஆகும். கடன் தீரும், எஞ்சுவதொன்றில்லை. ஆகவே, 5 ரூபாய் முதலால் அவ்வுரிமையின் பயன் முழுவதும் கைகூடுகின்றது. அதனை 7.50 ரூபாய்க்கு விற்பவன் 2.50 ரூபாயை யாதோர் இடருமின்றிப் பெறுவான். போட்டியுள்ள சந்தையில் அத்தகைய இலாபம் நிலைக்காது; விலை 5 ரூபாயிலேயே வந்து நிற்கும்.

எனவே, தெரிவுரிமையின் விலை எதிர்காலத்தைப் பற்றிய ஊகம் அன்று. அதன் பயனை ஆக்கும் செலவே அதன் விலை. இடரைக் காக்கும் வழியும் விலையைக் கணிக்கும் வழியும் ஒன்றே. பிளாக், ஷோல்ஸ் ஆகியோரும் மேட்டனும் 1973 இல், பங்கின் விலை கணந்தோறும் மாறும் நிலைக்கும் இது பொருந்துமாறு நிறுவினர். பங்கின் விலை, உடன்பட்ட விலை, காலம், வட்டி வீதம், விலைத் தளம்பலின் அளவு என்னும் ஐந்தும் அவர்தம் சூத்திரத்துக்குப் போதும். இவற்றுள் தளம்பல் ஒன்றே மதிப்பிடற்பாலது. ஷோல்ஸும் மேட்டனும் 1997 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பிளாக் 1995 இல் மறைந்துவிட்டார். எனினும், அவ்விருவரும் பங்குகொண்டிருந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று 1998 இல் ருசியக் கடன் நெருக்கடியின்போது வீழ்ச்சியுற்றது. சந்தையில் வாங்குவாரும் விற்பாரும் எப்பொழுதும் இருப்பர் என்னும் எடுகோள் பொய்த்தவிடத்துச் சூத்திரமும் துணைசெய்யாது.

இலங்கையும் இதிலிருந்து ஒரு பாடம் பெற்றது. 2008 யூலையில் மசகெண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலர்வரை ஏறியது. அம்மாதத்தில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் டொயிச்சு வங்கியுடன் 112.50 டொலர் விலையில் ஓர் ஒப்பந்தம் செய்தது. அவ்விலைக்கு மேல் ஏறின் வங்கியும், கீழே இறங்கின் கூட்டுத்தாபனமும் வேறுபாட்டைச் செலுத்தல் வேண்டும். ஆயின், கூட்டுத்தாபனம் பெறக்கூடிய மொத்த நன்மைக்கு 25 இலட்சம் டொலர் என வரம்பு இருந்தது. வீழ்ச்சியால் நேரும் பொறுப்புக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஆண்டிறுதிக்குள் எண்ணெய் 40 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன, வழக்கு எழுந்தது. 2012 இல் சர்வதேச நடுவர் மன்றம் வங்கிக்கு ஏறத்தாழ 6 கோடி டொலரும் வட்டியும் இலங்கை செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

எண்ணெய் விலை வீழ்ந்தமை ஒன்றைக்கொண்டு அவ்வொப்பந்தத்தைத் தவறெனல் பொருந்தாது. தீப் பற்றாத வீட்டுக்குக் காப்புறுதி செய்தவன் பேதை ஆகான். எண்ணெய் மலிந்தால் அதனை வாங்குவோனுக்குக் கொள்வனவுச் செலவும் குறையும். கேட்கற்பாலதாய வினா வேறு. வரம்புடைய நன்மையைப் பெற்று வரம்பற்ற பொறுப்பை ஏற்பவன், தான் கொடுத்ததன் விலை இன்னதெனக் கையொப்பமிடும் அன்றே கணித்தானா என்பதே அது. முற்பணம் கேளாத ஒப்பந்தம் விலையற்ற ஒப்பந்தம் ஆகாது. அதன் விலை, ஏற்றுக்கொண்ட கடமையினுள் மறைந்து கிடக்கும். அவ்விலையைக் காணுதற்கு அரைப்பங்கும் கடனும் கொண்டு செய்த அச்சிறு கணக்கே தொடக்கம். வருமுன் காக்க விழைவோர், காவலுக்குக் கொடுக்கும் கூலியையும் அளந்தறிதல் கடனாம்.