ரெண்டு சிப்பாய் ஜாஸ்தி, ஆனாலும் தோல்வி: ரிகா, 1995

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் செஸ் போர்டைத் தூக்கிட்டு வந்தான். ஏழாவது படிக்கிறான். முந்தின நாள் ஒரு டோர்னமென்ட்ல சீக்கிரமே மேட் ஆகி வந்திருக்கான். ஆனா அவன் வருத்தம் வேற.

"தோக்கும்போது நான்தான் அங்கிள் ரெண்டு சிப்பாய் ஜாஸ்தி. அப்புறம் எப்படித் தோத்தேன்?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எதிராளி கேம்பிட் ஆடியிருக்கான். அதாவது ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயை வேணும்னே கொடுத்து, அதுக்குப் பதிலா நேரத்தை வாங்குறது. இவன் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டிருக்கான். ராஜா மட்டும் கடைசி வரை நடுவுலயே நின்னிருக்கு. கோட்டை கட்டவே இல்லை.

"இது உனக்கு மட்டும் நடந்ததில்ல தம்பி. விஸ்வநாதன் ஆனந்துக்கே நடந்திருக்கு" என்றேன். நம்பவில்லை. அதனால் அந்த ஆட்டத்தைப் போர்டில் வைத்துக் காட்டினேன். அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். போர்டு இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ரூக்கை யானை என்றே சொல்கிறேன்.

இடம், காலம்

1995 ஏப்ரல், லாட்வியாவின் ரிகா நகரம். மிகைல் டால் நினைவுப் போட்டி. டால் பிறந்த ஊர் அது. 1960-இல் உலக சாம்பியன் ஆனவர், பலி கொடுத்துத் தாக்குவதில் மன்னன், 1992-இல் காலமானார். நம்ம ஊர் ஆனந்த் சின்ன வயசில் ஆடிப் பழகியதும் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில்தான்.

ஆனந்துக்கு அப்போது 25 வயசு. கம்ஸ்கியை ஜெயித்து, காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு மோதத் தகுதி பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரிகாவில் எதிரே உட்கார்ந்தவரும் அதே காஸ்பரோவ்.

காஸ்பரோவ் வெள்ளை. முதல் மூணு நகர்த்தல் எல்லாரும் ஆடுற இத்தாலியன். நாலாவதா பி-சிப்பாயை பி4-க்குத் தள்ளி, "எடுத்துக்கோ" என்றார். இதுதான் எவான்ஸ் கேம்பிட். 1820-களில் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் என்ற கப்பல் கேப்டன் கண்டுபிடித்தது. 19-ஆம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்து, பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய மறந்தே போன திறப்பு.

ஆனந்த் பிஷப்பால் எடுத்தார். வெள்ளை சி3 ஆடி விரட்ட, பிஷப் இ7-க்குப் பின்வாங்கியது. வெள்ளை டி4. ஆனந்த் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் சி4-இல் இருந்த வெள்ளை பிஷப்பை மிரட்டினார். இங்கே வழக்கமான நகர்த்தல், குதிரையால் இ5 சிப்பாயை எடுப்பது. காஸ்பரோவ் அதைச் செய்யாமல் பிஷப்பை அமைதியாக இ2-க்கு இழுத்துக்கொண்டார். பார்த்தால் பயந்த நகர்த்தல் மாதிரி இருக்கும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

14 நகர்த்தல் முடிந்ததும் பையனைக் கணக்கு போடச் சொன்னேன். கறுப்பின் ராணிப்பக்கக் குதிரை சி6, ஏ5, மறுபடி சி6 என்று மூணு நகர்த்தல் ஆடி, ஒரே நகர்த்தலில் போயிருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. ராஜாபக்கக் குதிரை எஃப்6, டி5, பி6, டி7 என்று நாலு. ரெண்டே நகர்த்தலில் டி7-க்கு வந்திருக்கலாம். பிஷப் சி5, பி4, இ7 என்று மூணு. ஒண்ணு போதும்.

மொத்தம் பத்து நகர்த்தல், நாலில் முடியிற வேலைக்கு. ஒரு சிப்பாய்க்கு ஆறு நகர்த்தல் விலை. வெள்ளையும் ராணியை டி4, ஹெச்4, ஜி3 என்று அலையவிட்டார்தான், ஆனா அந்த அலைச்சலில் பாதி வேலை கறுப்பைத் துரத்துவது. கறுப்போட ரெண்டு யானை, ராணி, இன்னொரு பிஷப் எல்லாம் கிளம்பின இடத்திலேயே. நம்ம அண்ணனூர் கார் ஷெட்ல எத்தனை வண்டி நின்னா என்ன, மெயின் லைனுக்கு வந்த வண்டிதானே ஆளை ஏத்தும்?

"சரி அங்கிள், அவர் ஏன் முன்னாடியே கோட்டை கட்டலை?"

நல்ல கேள்வி. 11-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி ஜி3-க்கு வந்து ஜி7 சிப்பாயைப் பார்க்கிறது. அப்போதே கட்டினால் வெள்ளை பிஷப் ஹெச்6-க்கு வந்து மேட் மிரட்டும். ஜி7 சிப்பாயால் அந்த பிஷப்பை எடுக்க முடியாது, ராணிக்கு நேரே அதன் பின்னால் ராஜா நிற்கிறது. ஜி6 ஆடித் தடுத்தால் எஃப்8 யானை போய்விடும். அதனால் ஆனந்த் முதலில் ஜி6 ஆடினார். அதற்கப்புறம் 12, 13, 14 என்று மூணு நகர்த்தலிலும் கட்ட வழி இருந்தது. ஆனா ஜி6 ஆடின பிறகு ராஜாவைச் சுற்றி ஓட்டை. கட்டினாலும் நிம்மதி இல்லை. தள்ளிப் போட்டுவிட்டு, இ5-இல் நின்ன வெள்ளைச் சிப்பாயைக் குறி வைத்தார்.

கதவை அடைப்பது

15-ஆவது நகர்த்தல்தான் ஆட்டத்தின் உயிர். வெள்ளை பிஷப் ஹெச்6-க்கு வந்தது. செக் இல்லை, எதையும் வெட்டவும் இல்லை. ஜி7 காலியாக இருப்பதால் அது எஃப்8 கட்டத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான். விதி என்ன? கோட்டை கட்டும்போது ராஜா எதிரி தாக்கும் கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆக, கதவு சாத்தியாச்சு.

இதற்குக் கொடுத்த விலை இன்னொரு சிப்பாய். ஆனந்த் இ5-ஐ எடுத்தார், ஒரு ஜோடி குதிரை மாறியது. இப்போது கறுப்பு ரெண்டு சிப்பாய் அதிகம். காஸ்பரோவ் பதறாமல் கடைசிக் குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தார்.

கதவை அடைத்தாச்சு, அடுத்து நடுவைத் திறக்கணும். 18-ஆவதாக சி5. கறுப்பு டி6 சிப்பாயால் அதை எடுத்தால் டி-வரிசை திறந்து, டி1-இல் காத்திருக்கும் யானை டி8 ராணியை வெட்டிவிடும். எடுக்க முடியாததால் டி6-இல் சிப்பாய்கள் மாறின. வெள்ளை ராணி இ3-க்கு வந்து, ராஜா நிற்கும் இ-வரிசையில் உட்கார்ந்தது.

ஆனந்த் ஹெச்6 பிஷப்பைக் குதிரையால் வெட்டினார். ராணி திரும்ப எடுத்து அதே ஹெச்6-இல் நின்றது. பூட்டு மாறியது, கதவு திறக்கவில்லை. கறுப்பு பிஷப் எஃப்8-க்குப் போய் ராணியைத் துரத்த, அது இ3-க்குத் திரும்பிச் செக் சொன்னது. ராஜா எஃப்7-க்கு நகர்ந்தது. இனி கோட்டை என்ற பேச்சே கிடையாது. குதிரை டி5 வழியாக எஃப்4-க்கு வந்து இ6 பிஷப்பைத் தாக்க, 25-ஆவதாக யானை இ1-க்கு வந்தது. அடுத்து இ2 பிஷப் சி4-க்கு நகர்ந்தால் எல்லாக் காயும் இ6 மேல்தான். ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அப்போது போர்டில் கறுப்புக்கு ஆறு சிப்பாய், வெள்ளைக்கு நாலு. மற்ற காய்கள் சமம். முழு ஆட்டத்திலும் காஸ்பரோவ் சொன்ன செக் ஒண்ணே ஒண்ணு, அதுவும் 22-ஆவது நகர்த்தலில்.

இந்த எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம். நடுவில் நிற்கும் ராஜாவைப் பார்த்ததும் நாமெல்லாம் செக் செக் என்று துரத்துவோம். அது தானாகவே ஒரு பத்திரமான மூலைக்கு ஓடிவிடும். முதலில் வெளியே போற வழியை அடைக்கணும், அப்புறம் நடுவில் ஒரு வரிசையைத் திறக்கணும், செக் கடைசியில். நடு மூடியே கிடந்தால் கட்டாத ராஜாவும் சௌக்கியமாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

1852-இல் பெர்லினில் ஆண்டர்சன் டுஃப்ரெஸ்னை ஜெயித்த 'எவர்கிரீன்' ஆட்டமும் எவான்ஸ் கேம்பிட்தான். அங்கேயும் கறுப்பு ராஜா கோட்டை கட்டவில்லை. பி-சிப்பாய் போனதால் வெள்ளை பிஷப் ஏ3-க்கு வந்து அந்தப் பக்கத்திலிருந்து எஃப்8 நோக்கிக் குறி வைத்தது. கடைசி மேட் நகர்த்தலும் அந்த பிஷப்புடையதுதான்.

அப்போ வாங்கினவன் என்ன செய்யணும்? லாஸ்கர் காட்டிய வழி எளிது: எடுத்த சிப்பாயைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக ஆடு. கடனை அடைக்கிற மாதிரி.

அந்த வருஷம் நியூயார்க்கில் நடந்த பட்டப் போட்டியிலும் ஆனந்த் 10½–7½ என்று காஸ்பரோவிடம் தோற்றார். பிறகு 2000, 2007, 2008, 2010, 2012 என்று அஞ்சு முறை உலகப் பட்டம் ஜெயித்தார். இதைச் சொன்னதும்தான் பையன் முகம் தெளிந்தது. தன் நோட்டை எடுத்து, பென்சிலால் ஒரு நகர்த்தலைச் சுழித்தான். ரெண்டாவது சிப்பாயை எடுத்த இடம்.

"இங்க கட்டியிருக்கணும், இல்ல அங்கிள்?"

ஆமாம் என்றேன். அடுத்த ஆட்டத்துக்கு வெள்ளையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். நாலாவது நகர்த்தலில் பி4.